ஆறு திரும்பி வந்த தெரு

நாந்த் நகரத்தின் நடுவே ஒரு காலத்தில் ஓடி, இரண்டு பெரும் போர்களுக்கு இடைப்பட்ட ஆண்டுகளில் மணல் கொட்டி மூடப்பட்டு, அதன்மேல் தார் போட்டு, புல் வளர்த்து, தண்டவாளம் பதித்து, இப்படி ஒரு தண்ணீர் இருந்தது என்பதே படகுத்துறை என்ற சொல் வருகிற தெருப் பெயர்களில் மட்டும் மிஞ்சியிருந்த லுவார் ஆற்றின் கிளை, ஒரு மார்ச் மாதச் செவ்வாய்க்கிழமை காலையில் யாரிடமும் சொல்லாமல் தன் பழைய இடத்துக்குத் திரும்பி வந்தபோது, அமலோற்பவம் முதலாம் தடத்து டிராமை பூஃபே நிறுத்தத்திலிருந்து அப்போதுதான் கிளப்பியிருந்தாள்.

அவள் காரைக்காலில் பிறந்தவள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்ற சவரிநாதனைக் கட்டிக்கொண்டு இந்த ஊருக்கு வந்து, பிரெஞ்சும் டிராம் ஓட்டவும் ஒரே சமயத்தில் கற்றுக்கொண்டவள். எதிரே தெரு இருக்க வேண்டிய இடத்தில் தவிட்டு நிறத்தில் தண்ணீர் கிடப்பதைப் பார்த்தாள். பணிமனையில் பனிக்கு என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள், ஊர்வலத்துக்கு என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள், ஆற்றைப் பற்றி யாரும் எதுவும் சொன்னதில்லை. சிக்னல் பச்சையாக இருந்தது. அவள் போனாள். டிராம் ஒரு முறை லேசாக முங்கி எழுந்து, வாத்து குளத்தில் இறங்குவதுபோல் இறங்கி, மேலே கம்பியிலிருந்து மின்சாரத்தை எடுத்துக்கொண்டு தண்ணீரின்மேல் வழக்கமான வேகத்தில் ஓடியது. பயணிகள் எல்லோரும் கால்களைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டார்கள், பிறகு இறக்கிவிட்டார்கள். முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் மட்டும், "நேரத்துக்குப் போய்விடுவோமா?" என்று கேட்டாள். "போய்விடலாம் மதாம்," என்றாள் அமலோற்பவம்.

தெருவில் நிறுத்தியிருந்த கார்களை ஆறு ஒரு கீறல் இல்லாமல் தூக்கி நடைபாதை ஓரமாக வரிசையாக வைத்திருந்தது. காலையில் தீயணைப்பு வண்டிகள் வந்தன, செய்ய ஒன்றும் இல்லாமல் கரையில் நின்றுவிட்டுப் போயின. மத்தியானத்துக்குள் தூண்டில் போடுகிறவர்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அந்த வாரக் கடைசியில் டிராம் கம்பெனி ஒவ்வொரு நிறுத்தத்திலும் கால அட்டவணைக்குப் பக்கத்தில் கடல் ஏறி இறங்கும் நேரத்தையும் ஒட்டிவைத்தது, ஏனென்றால் கடல் ஒரு நாள் நடை தூரத்தில் இருந்தாலும் அதன் ஏற்றமும் வற்றமும் இந்த ஊர்வரைக்கும் வந்து போகும்.

ஆற்றின் நடுவே முன்பு தீவாக இருந்த ஃபேதோ பகுதியின் வீடுகள்தான் முதலில் மாறின. பழைய கப்பல் முதலாளிகள் மணல்திட்டின்மேல் மரத்தூண்களை அடித்து அவற்றின்மேல் கட்டிய மாளிகைகள் அவை. தூண்கள் ஈரத்தில் இருந்தவரை திடமாக இருந்தன. ஆற்றை மூடியதும் காய்ந்து இற்றுப்போக, மாளிகைகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று தோள் சாய்த்துக்கொண்டு தலைமுறை தலைமுறையாகக் கோணலாக நின்றன. சாய்ந்த வீடு என்பதால் வாடகை குறைவு என்று அமலோற்பவமும் சவரிநாதனும் அப்படி ஒன்றின் மூன்றாம் மாடியில் குடியிருந்தார்கள். அவர்கள் வீட்டு இட்லி எப்போதும் ஒரு பக்கம் தடிமனாகவும் ஒரு பக்கம் அப்பளமாகவும்தான் வெந்துவந்தது. இப்போது தூண்கள் தண்ணீரைக் குடித்துக் குடித்து ஊற, வீடுகள் ஒவ்வொரு நாளும் ஒரு நூலளவு நிமிர்ந்தன. கோணலுக்கு ஏற்ப இழைத்து வைத்திருந்த கதவுகள் மூடாமல் அடம்பிடித்தன. ஊரிலிருந்த தச்சர்கள் போதவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சவரிநாதன் இட்லித்தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலோரமாக வெகுநேரம் நின்றான்.

"என்னங்க பாக்குறீங்க?"

"எல்லாம் ஒரே அளவா இருக்கு அமலோர். சாப்பிட மனசு வரல."

கீழ்த்தளத்தில் யான் லெ பிரா இருந்தார், கப்பல் கட்டுந்தளத்தில் தகடு வளைத்து ஒட்டிப் பாதி ஆயுளைக் கழித்தவர். தளத்தை மூடி, ஊரின் கடைசிக் கப்பலை ஆற்றில் இறக்கி அனுப்பிய நாளில் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தவர், அதன்பின் ஆற்றுப் பக்கமே போனதில்லை. ஆறு அவர் வாசலுக்கே வந்த பிறகு, நாற்காலியை எடுத்து வாசலில் போட்டுக்கொண்டு போகிற வருகிற படகுகளுக்கெல்லாம் மதிப்பெண் போட ஆரம்பித்தார். தன் முன்னால் மிதந்துபோகும் டிராமைப் பற்றி மட்டும் அவருக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை.

"மிதக்கிறது, சரி," என்பார் அமலோற்பவத்திடம். "ஆனால் அதற்கு அடியில் ஒன்றுமே இல்லை. சட்டி மிதக்கிற மாதிரி மிதக்கிறது."

படகுகள் வரத்தான் செய்தன. ஆற்றின் மேல்பகுதியிலிருந்து கீரைக்கட்டும் திராட்சை மதுவும் வந்தன, முகத்துவாரத்திலிருந்து மத்தி மீன் வந்தது, சவரிநாதன் வேலை செய்த பிஸ்கட் ஆலைக்கு மாவும் வெண்ணெயும் தண்ணீர் வழியாகவே வந்து இறங்கின. காற்று திரும்பினால் ஊர் முழுக்கச் சர்க்கரை கருகும் வாசனை அடித்தது. உப்பை விற்றுச் சம்பாதித்து, மதுவை விற்றுச் சம்பாதித்து, பிறகு மீனைத் தகரத்தில் அடைத்தும் ரயில் எஞ்சின் செய்தும் கப்பல் கட்டியும் பிழைத்து, ஒன்று போனால் உட்கார்ந்து அழாமல் இன்னொன்றைக் கையில் எடுத்த ஊர் அது. நடுவே ஒரு நூறாண்டுக்கு மேல் அது செய்த வியாபாரம் வேறு. பூப்போட்ட பருத்தித் துணியைக் கப்பலில் ஏற்றி ஆப்பிரிக்கக் கரைக்கு அனுப்பி, துணியைக் கொடுத்து மனிதர்களை வாங்கி, மனிதர்களைக் கரும்பு விளையும் தூரத் தீவுகளில் விற்று, விற்ற விலைக்குச் சர்க்கரை ஏற்றிக்கொண்டு திரும்பிய வியாபாரம். ஃபேதோவின் மாளிகைகள் அந்தச் சர்க்கரையில் எழுந்தவை. ஊர் இதை மறைக்கவில்லை. போன கப்பல்களின் பெயர்களைக் கண்ணாடிச் சில்லுகளில் எழுதி, ஆற்றங்கரைத் தரையில், நடக்கிறவர்கள் காலடியிலேயே பதித்துவைத்திருந்தது. ஒரு ஊர் தன்னைப் பற்றி இப்படி எழுதிவைத்திருப்பதை அமலோற்பவம் வந்த புதிதில் குனிந்து குனிந்து படித்து, அன்றைக்குத்தான் இங்கேயே இருந்துவிடலாம் என்று நினைத்தாள்.

ஏப்ரல் கடைசியில், வாசல் வளைவுகளின்மேல் கல்லில் செதுக்கிய முகங்கள் உள்ள வெர்னோல் மாளிகைக்கு எதிரேயுள்ள நிறுத்தத்தில் டிராம் நின்றது, கதவுகள் திறந்தன, யாரும் ஏறவில்லை, டிராம் ஒரு விரல்கடை தண்ணீரில் இறங்கியது. அமலோற்பவம் கண்ணாடியில் பார்த்தாள். கதவுகளை மூடிப் புறப்பட்டாள். மறுநாளும் அப்படியே இறங்கியது. அப்படிக் கூடிய கனம் எந்த நிறுத்தத்திலும் குறையவில்லை. கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கி வண்டி காலியான பிறகும் அது தாழ்ந்தே கிடந்தது.

டிராம் கம்பெனியின் பொறியாளர் சொலீன், முடியை ஒட்ட வெட்டியிருந்த இளம் பெண், அளவுகோலும் கருவிகளுமாக வந்து ஒரு வாரம் அமலோற்பவத்தோடு பயணம் செய்தாள். ஒரு நாள் கருவிகளைப் பைக்குள் போட்டு மூடிவிட்டு, ஓட்டுநர் அறையின் கதவில் சாய்ந்துகொண்டு சொன்னாள்: "வண்டியில் கோளாறு இல்லை. ஆட்கள் ஏறுகிறார்கள்."

பயணிகளுக்கு இது முன்பே தெரிந்திருந்தது. உட்காரப் போனால் இருக்கை சூடாக இருக்கும், பெரும்பாலானவர்கள் மன்னிப்புக் கேட்டுவிட்டு நின்றுகொள்வார்கள். தள்ளுவண்டியில் படுத்திருக்கும் குழந்தைகள் ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்துச் சிரித்து, ஒன்றுமில்லாத விரலைப் பிடித்துக்கொண்டார்கள். பயணச்சீட்டு சோதிக்கிறவர்கள் அந்த இருக்கைகளைத் தாண்டும்போது தொப்பியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்கள். மே மாதம் முதல் தேதி, வெண்மணிப் பூங்கொத்தை ஒருவருக்கொருவர் கொடுக்கும் அந்த நாட்டு வழக்கப்படி, யாரோ ஒரு பூக்காரி காலியான இருக்கைகளில் எல்லாம் ஒவ்வொரு கொத்து வைத்துவிட்டுப் போனாள். சாயங்காலம் பணிமனையில் கூட்டிப் பெருக்க வந்தவர்களுக்கு ஒரு பூகூடக் கிடைக்கவில்லை.

மே நடுவில் ஒரு காலை, பின்கதவுப் பக்கம் அவ்வளவு பேர் ஏறிவிட, டிராம் பின்பக்கமாகச் சாய்ந்து படிக்கட்டில் தண்ணீர் நக்கியது. பயணிகள் கம்பியைப் பிடித்துக்கொண்டார்கள். அமலோற்பவம் பயத்தில் ஒலிவாங்கியை எடுத்தாள். பயத்தில் பிரெஞ்சு வரவில்லை, சின்ன வயதில் திருநள்ளாறு பஸ்ஸில் தினமும் கேட்ட குரல்தான் வந்தது.

"படியில நிக்காதீங்க. உள்ள தள்ளிப் போங்க, முன்னாடி எடம் இருக்கு. பிள்ளையத் தூக்கி வச்சுக்கம்மா."

டிராம் மெதுவாக, பின்னாலிருந்து முன்னால் ஒவ்வொருவராக நகர்ந்து வருவதுபோல, மட்டத்துக்கு வந்து நின்றது.

அன்று வீட்டுக்கு வந்ததும் அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் உட்கார்ந்தாள். நடந்ததைச் சொன்னாள். சவரிநாதன் அடுப்பை அணைத்தான்.

"தமிழு எப்படிப் புரிஞ்சுது அவங்களுக்கு?"

"காரைக்கால்லேருந்தும் ஏத்திட்டுப் போனாங்கல்லங்க. அடிமை கூடாதுன்னு சட்டம் போட்ட பின்னாடி, கரும்பு வெட்ட ஆளில்லன்னு. எங்க தாத்தாவோட அத்தை ஒருத்தங்க அப்படிப் போனவங்கதான். பேரு மட்டுந்தான் தெரியும்."

"அப்ப எல்லாரும் கலந்துதான் இருக்காங்க."

"கலந்துதான் இருக்காங்க. எங்க எறங்கணும்னு யாரும் கேக்கலைங்க. நானும் இத்தன நாளா கேக்கல."

மறுநாள் கடைசி நிறுத்தத்தில் மற்றவர்கள் இறங்கிய பிறகு அவள் கேட்டாள், முதலில் தமிழில், பிறகு பிரெஞ்சில், பிறகு ஒரு செனகல்காரச் சக ஓட்டுநரிடம் கற்றுக்கொண்டு வந்திருந்த வோலோஃப் மொழியில். எங்கே இறங்க வேண்டும்? டிராமின் மூக்கு தானாகத் திரும்பி, கயிற்றில் கட்டிய மாடு இழுப்பதுபோல மேற்கே இழுத்துக்கொண்டு நின்றது. மேற்கே கடல் இருந்தது.

ஜூன் மாத நகரசபைக் கூட்டத்துக்கு ஊரே திரண்டது. இன்னும் ஒரு சாண் இறங்கினால் டிராம் மூழ்கும் என்று சொலீன் உள்ளதைச் சொன்னாள். தடத்தை மூடினால் ஊர் நின்றுபோகும், அதைவிட ஆற்றை மறுபடி மணல்போட்டு மூடிவிடலாம் என்றார்கள் சிலர். காரை நிறுத்த இடம் போனதிலிருந்தே அவர்கள் ஆற்றின்மேல் கோபமாக இருந்தார்கள். மூடினால் எங்கள் வீடு மறுபடி சாயும் என்றார்கள் ஃபேதோ தீவுக்காரர்கள். வெர்னோல் வீட்டு நிறுத்தத்தை மட்டும் எடுத்துவிட்டால் போதுமே என்று ஒருவர் சொன்னதும் பலர் தலையாட்டினார்கள், அதில்தான் யாருக்கும் நஷ்டமில்லை என்று தோன்றியது.

அப்போது மதாம் த வெர்னோல் எழுந்தாள். அந்த மாளிகையில் தனியாக வசித்த கிழவி அவள், ஊர்க் கூட்டங்களில் அவள் வாய் திறந்து பேசி யாரும் கேட்டதில்லை.

"அது என் வாசல்," என்றாள். "அங்கே வந்து ஏன் நிற்கிறார்கள் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். என் கணவரின் முன்னோர்கள் அந்த வாசலில் நின்றுதான் கப்பல்களை வழியனுப்பினார்கள். நீங்கள் நிறுத்தத்தை எடுத்தாலும் அவர்கள் நிற்பார்கள். நான் தினமும் கதவைத் திறந்து பால் வாங்க வேண்டும். அவர்களைத் தாண்டி என்னால் போக முடியாது."

அமலோற்பவம் கையை உயர்த்தினாள். "அவர்களுக்குக் கடலுக்குப் போக வேண்டும். நான் கொண்டுபோய் விடுகிறேன்."

"தடம் கடைசி நிறுத்தத்தோடு முடிந்துவிடுகிறது மதாம்," என்றார் தலைமை தாங்கியவர். "அதற்கு மேல் கம்பியும் இல்லை, மின்சாரமும் இல்லை."

"வற்றத் தண்ணீர் இழுத்துக்கொண்டு போகும், ஏற்றம் திருப்பிக் கொண்டுவரும்," என்றாள் சொலீன். "இந்த ஊர் எப்போதும் அப்படித்தான் போய்வந்திருக்கிறது. ஆனால் முகத்துவாரத்து அலையில் இந்த வண்டி கவிழ்ந்துவிடும்."

எல்லோரும் யோசித்துக்கொண்டிருந்தபோது பின்வரிசையிலிருந்து யான் லெ பிரா, யாருக்கும் சொல்லாமல் தனக்கே சொல்வதுபோல, "அதற்கு ஏராக்கட்டை வேண்டும்," என்றார். கப்பலின் முதுகெலும்பு அதுதான், அது இருந்தால்தான் கப்பல் நிமிர்ந்து நிற்கும். "எனக்கு ஆட்கள் வேண்டும். ஆட்கள் இருக்கிறார்கள். பாதிப் பேருக்கு முட்டி வலி, அவ்வளவுதான்."

மறுநாள் காலை, பழைய கட்டுந்தளத்தின் சரிவில், பேரப்பிள்ளைகள் பிடித்துக் கொண்டுவந்து விட்ட கிழவர்கள் தங்கள் பழைய கண்ணாடிகளை மாட்டிக்கொண்டு வந்து நின்றார்கள். காப்பிக் கோப்பையைப் பிடித்தபோது நடுங்கிய கைகள், தகடு ஒட்டும் தீக்குழாயைப் பிடித்ததும் நடுங்கவில்லை. சொலீன் கணக்குப் போட்டு வரைந்து கொடுத்தாள், அவர்கள் அதைத் தகடாக்கினார்கள். அவள் ஒரு இடத்தில் தவறினால் அவர்கள் சொன்னார்கள், அவர்கள் ஒரு இடத்தில் பழைய வழக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்றால் அவள் சொன்னாள், இரண்டு பக்கமும் கேட்டுக்கொண்டது. மத்தி மீன் ஆலைப் பெண்கள் வந்து அடித்தகட்டு இடுக்குகளை ஈயம் காய்ச்சி அடைத்தார்கள். பிஸ்கட் ஆலையிலிருந்து தினமும் சவரிநாதன் உடைந்த பிஸ்கட்டுகளைப் பெட்டியில் கொண்டுவந்தான், உடையாததையும் உடைத்துக் கொண்டுவந்தான். முதுகெலும்பு மாட்டிய டிராமைச் சரிவிலிருந்து ஆற்றுக்குள் தள்ளிவிட்டபோது, அது மூக்கை ஒரு முறை தண்ணீரில் குத்தி, நிமிர்ந்து, ஆடாமல் நின்றது. யான் லெ பிரா அதைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, "பரவாயில்லை," என்றார். அவர் எந்தப் படகுக்கும் அதுவரை அவ்வளவு மதிப்பெண் போட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, கோயில் மணிகள் அடங்கிய பிறகு, தண்ணீர் வற்றத் தொடங்கியதும் புறப்பட்டார்கள். வெர்னோல் வாசலில் கதவுகளைத் திறந்துவைத்துக் கடைசி ஆள் ஏறும்வரை அமலோற்பவம் காத்திருந்தாள். டிராம் படியின் விளிம்புவரை அமிழ்ந்தது, ஆனால் நிமிர்ந்தே நின்றது. கண்ணுக்குத் தெரிந்தவர்களில் யானும் சொலீனும் மதாம் த வெர்னோலும் மட்டும் ஏறினார்கள். இரண்டு கரையிலும் ஊர் நின்றது, கைதட்டவுமில்லை, கையசைக்கவுமில்லை, சும்மா நின்றது. ஆறு அவர்களை இழுத்துக்கொண்டு போனது. கூயெரோனில் இக்கரைக்கும் அக்கரைக்கும் போகிற படகு நடுவே நின்று வழிவிட்டு ஒரு முறை ஊதியது. நாணல் காடுகளைத் தாண்டி, எண்ணெய் ஆலைகளின் புகைபோக்கிகளைத் தாண்டி, சேன் நசேரில் பாதி கட்டிய ஒரு பெரிய பயணக் கப்பலின் அருகே போனபோது, அதன் விலாவில் தொங்கிக்கொண்டிருந்த ஆட்கள் தங்கள் தீக்குழாய்களை அணைத்தார்கள். யான் லெ பிரா தலையைத் திருப்பாமல் கையை மட்டும் கொஞ்சம் தூக்கினார். பெரிய பாலத்துக்கு அப்பால் தண்ணீர் நிறம் மாறியது, டிராம் ஏறி இறங்கியது, காற்றில் உப்பு வந்தது.

அமலோற்பவம் கதவுகளைத் திறந்தாள். ஒலிவாங்கியை எடுத்தாள்.

"கடல் வந்துடுச்சுங்க. எறங்குறவங்க எறங்கலாம். அவசரம் இல்ல. பாத்து, படி வழுக்கும்."

கொஞ்சநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு டிராம் ஒரு நூலளவு உயர்ந்தது. இன்னொரு நூல். அலை வந்து வண்டியை அசைத்தபோதெல்லாம் நின்று, அலை போனதும் மறுபடி உயர்ந்தது. மதாம் த வெர்னோல் கதவோரத்துக் கம்பியை ஒரு பக்கமாக ஒதுங்கிப் பிடித்துக்கொண்டு, போகிறவர்களுக்கு வழிவிட்டு, தலையைக் குனிந்து நின்றாள். சொலீன் அவளை உட்காரச் சொன்னாள். "இல்லை," என்றாள் கிழவி, "எல்லோரும் இறங்கட்டும்." சூரியன் உச்சி தாண்டி மேற்கே சாயும்வரை இறங்கினார்கள். எந்தப் பக்கம் போனார்கள் என்று தண்ணீரில் ஒரு சுவடும் இல்லை. அமலோற்பவம் தன் தாத்தாவுடைய அத்தையின் பெயரை, கூப்பிடுகிற மாதிரி இல்லாமல், சொல்லிப் பார்க்கிற மாதிரி ஒரு முறை சொன்னாள். அந்த நேரத்தில் டிராம் உயர்ந்ததா, அலை தூக்கியதா என்று அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

ஏற்றம் வந்து அவர்களைத் திருப்பிக் கொண்டுவந்தது. வழியில் சொலீன் ஜன்னல் வழியே எட்டி, வண்டியின் பக்கத்தில் வரைந்திருந்த நீர்மட்டக் கோட்டைப் பார்த்து, மறுபடி பார்த்து, யானைக் கூப்பிட்டுக் காட்டினாள். டிராம் தான் இருக்க வேண்டிய உயரத்துக்கு ஒரு நூல் குறைவாகவே மிதந்தது.

"என் தகடு கனக்கும்," என்றார் யான்.

"உங்கள் தகட்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஒருவர் இறங்கவில்லை."

யாரும் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அவருக்குச் சங்கடமாக இருக்கும் என்று நான்கு பேருக்கும் தோன்றியிருக்க வேண்டும். மதாம் த வெர்னோல் தன் கைப்பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்துப் பக்கத்து இருக்கையில் வைத்துவிட்டு, ஆற்றைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஆற்றை மூடுகிற பேச்சை அதன்பின் நகரசபையில் யாரும் எடுக்கவில்லை. அந்த ஒருவர் கொஞ்சநாள் டிராமிலேயே இருந்தார், முன்னாலிருந்து இரண்டாவது இருக்கையில், ஜன்னலோரம். ஊரை இக்கரை, அக்கரை என்று திரும்பத் திரும்பப் பார்த்தார் போலிருக்கிறது. பயணிகள் அந்த இருக்கையை விட்டுவிட்டு உட்கார்ந்தார்கள். ஒரு சனிக்கிழமை காலை பூஃபே நிறுத்தத்தில், சந்தை நிறைந்து வழிந்த நேரத்தில், எல்லோரும் இறங்கிய பிறகு டிராம் அந்த ஒரு நூல் உயர்ந்தது.

அமலோற்பவம் கதவை மூடவில்லை. பின்னால் வந்த படகுகள் ஊத ஆரம்பித்தன. அவள் மணியை அடித்து அவர்களை நிறுத்திவைத்து, கண்ணாடி வழியே சந்தையைப் பார்த்தாள். ஓரமாகக் காய்கறிப் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்த ஒரு பெண், கையிலிருந்த முள்ளங்கிக் கட்டைக் கீழே வைத்து, தன் கடைக்கு முன்னால் காலியாக இருந்த இடத்தை நிமிர்ந்து பார்த்தாள். ஈரக் கையை முன்துணியில் துடைத்துக்கொண்டாள்.

"வாருங்கள்," என்றாள், வருகிற எல்லோரையும் கேட்பதுபோல. "உங்களுக்கு என்ன வேண்டும்?"

கேட்டுவிட்டு, அவசரப்படுத்தாமல், பதிலுக்காகக் காத்திருந்தாள்.